கொடி தாண்டி நாலு கை

மெதந்தான் மேடம். நீந்தல, மெதந்தான். நான் மட்டும் சொல்லல, நெய்வேலி டவுன்ஷிப்பே சொல்லுது. அவ்ளோ தூரம் மிஷினு மாதிரி வந்தவன், செவுரு பக்கத்துல வந்ததும் கைய நீட்டிக்கினு சொம்மா மெதக்கிறான். பக்கத்து லேன்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான். வெண்கலம் போச்சி. நாலாவது. எவ்ளோல போச்சி தெரியுமா... ஒரு செகண்டுல நூத்துல நாலு பங்கு. இத்த அளக்கறதுக்கு ஒரு மிஷினு வெச்சிருக்கானுங்க பாருங்க, அவனுங்களச் சொல்லணும்.

யாருன்னு பாக்கறீங்களா? தௌசீப்புங்க. மெயின் பஜார்ல பாத்திரக்கடை வெச்சிருக்காரே நைனா முகமது பாய், அவரு புள்ள. இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப்பு, ஆம்பளைங்க அம்பது மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கு. ஃபைனல்ல எட்டு பேரு. அதுல ஒருத்தன் நம்ம ஊருக்காரன். நீங்க நேத்துதான கோச்சா ஜாயின் பண்ணீங்க, உங்களுக்கு இங்கத்திய கதை தெரியாது. நான் கலியமூர்த்தி. இந்தக் குளத்துல இருபத்திரெண்டு வருசம் அட்டெண்டரு. கான்ட்ராக்ட்ல வந்து பர்மனென்ட் ஆவறதுக்குள்ள தலைமுடி பூரா கொட்டிப்போச்சி. செருப்ப அப்பிடி ஓரமா வுடுங்க, வழுக்கும்.

அன்னிக்கி பாய் டிவியத் தூக்கிக் கடை வாசல்ல வெச்சிட்டாரு. ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வந்தவங்க வூட்டுக்குக்கூடப் போவல, டிபன் கேரியரும் கையுமா நின்னுக்கினு பாக்கறாங்க. மொத்தம் இருபத்தஞ்சு செகண்டு. ஒரு டீ ஆத்துற நேரம். பாய் மட்டும் டிவி பக்கமே திரும்பல. ஒரு குண்டானை எடுத்துத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, அரை மணி நேரமா அதே குண்டான். முடிஞ்சதும் யாரோ ஒருத்தன், "என்னா பாய், உங்க புள்ள மெதக்கிறான்"னான். அவரு குண்டானைக் கவுத்து வெச்சிட்டாரு. ஒருத்தன் என்னாங்க ஒருத்தன்... நான்தான் சொன்னேன். வாய்ல வந்துடுச்சி.

எங்க போறீங்க மேடம்? அந்தாண்ட ஷவர் ரூமுதான், பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மோட்டார் ரூம் காட்டட்டுமா? போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சது.

தப்பு எத்தினி பேரு மேல இருக்கு சொல்லுங்க. ஃபிளைட் லேட்டு. அங்க போயி எறங்கினவனுக்கு ஒரே ஒரு வேள பிராக்டீஸு. அதுக்கும் முன்னாடி, டீமுக்குப் பயிற்சி குடுக்கற கேம்ப்பு குளத்துல ரிப்பேருன்னு இவன நாப்பது நாளு வூட்டுக்கு அனுப்பிச்சி வெச்சாங்க. இங்க கோச்சு போஸ்ட்டு காலி. ஒரு வருசமா காலி. யாரு பாத்துக்கறது? நான்தான். காலைல அஞ்சரைக்கு கேட்டத் தொறந்து, ஸ்டாப்வாட்ச்ச புடிச்சிக்கினு, "தௌசீப்பு, இன்னொரு தபா"ன்னு... கம்பெனி எனக்கு அதுக்கா சம்பளம் குடுக்குது? ஆனா டைமு எறங்கிச்சி மேடம். நாளுக்கு நாளு எறங்கிச்சி. நான் பாத்தேன்.

மல்லாந்து நீந்தறவனுக்கு செவுரு தெரியாது, உங்களுக்கு நான் சொல்லணுமா. மேல குறுக்கால கட்டியிருக்கற கொடிதான் அவனுக்குக் கண்ணு. கொடி தலைக்கு மேல வந்ததும் கை வீசறத எண்ண ஆரம்பிப்பான். தௌசீப்புக்கு நாலு கை. நாலாவது கைய நீட்டினா செவுரு. நாப்பது நாளும் காலைல சாயங்காலம் அதேதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நாலுதான் சொல்லுவான். அங்க மொத ரவுண்டு ஹீட்ஸ்ல தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு வந்தான், எப்பிடியோ தப்பிச்சான். ஃபைனல்ல எவன் திரும்பிப் பாப்பான்? உசுரக் குடுத்து அடிக்கும்போது ஒடம்பு பழகினதத்தான செய்யும்?

டேப்ப எதுக்கு மேடம் எடுக்கறீங்க? இந்தக் குளம் அம்பது மீட்டர்தான், போர்டுலயே போட்டிருக்கு.

அவன் தண்ணில எறங்கி இன்னியோட பதினேழு நாளு. அடுத்த கேம்ப்புக்கு வரியா இல்லியான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். வரலன்னு லெட்டரு எழுதி வெச்சிட்டான், இன்னும் அனுப்பல. இனிமே கடைதானாம். என்கிட்ட வந்து சொல்றான், "எண்ணிக்கை தப்பிப்போச்சிண்ணே. நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் எதுக்கு நீந்தணும்?"னு.  "ரெஸ்ட்டு எடுடா"ன்னேன்.  தொடப்பத்த எடுத்துக்கினு அந்தாண்ட போயிட்டேன்.

செவுத்துலேருந்தா அளக்கறீங்க? அந்தக் கொடிக்கா? அங்க தண்ணி தேங்கிக் கெடக்குது மேடம், பொடவை நனைஞ்சிடும்... குடுங்க, குடுங்க, நுனிய நானே புடிச்சிக்கறேன். குனியாதீங்க.

...எவ்ளோ வருது?

நாலரை மீட்டரா? நல்லாப் பாருங்க, டேப்பு மடங்கியிருக்கும். எந்தக் குளமானாலும் செவுத்துக்கும் கொடிக்கும் அஞ்சு மீட்டர் இருக்கணும். எனக்குத் தெரியும் அஞ்சு இருக்கணும்னு. மொதல்ல அஞ்சுலதான் இருந்துச்சி.

அந்த நாற்காலியப் பாத்தீங்களா? இந்தக் குளத்துலயே வெயிலு வுழாத எடம் அது ஒண்ணுதான். சித்திரை மாசம் நெய்வேலி வெயிலு எப்பிடி இருக்கும், ஒக்காந்து பாத்தாத் தெரியும். அங்க ஒக்காந்தா அந்தக் கொடி இருக்குதே, பிளாஸ்டிக்கு, காத்து அடிச்சா நேரா மூஞ்சில வந்து அறையும். பட்டு பட்டுன்னு. பேப்பர் படிக்க முடியல, கண்ணு அசர முடியல. ஒரு நாளு எழுந்து கயித்த அவுத்து, செவுரு பக்கமா ஒரு முழம் தள்ளி அடுத்த கம்பில கட்டினேன். ஒரு பக்கம் மட்டும் கட்டினா கோணலா தெரியுமேன்னு, குளத்த சுத்திப் போயி எதிர்ப்பக்கமும் ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். பாத்துப் பாத்து நேரா கட்டினேன் மேடம். தௌசீப்பு வூட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி.

அப்புறம் மறந்துட்டேன். அல்லாவறியச் சொல்றேன், சாமியறியச் சொல்றேன், மறந்துட்டேன். டிவில அவன் கைய நீட்டினதும் அந்தக் கைக்கும் செவுத்துக்கும் நடுவுல தண்ணி தெரிஞ்சிது பாருங்க... அந்த ஒரு முழம். அப்பதான் நான் கட்டின கயிறு ஞாபகம் வந்துச்சி. அதான் முந்திக்கினு மெதக்கிறான்னேன். வேற யாராவது வேற ஏதாவது சொல்றதுக்குள்ள.

யாருக்கு ஃபோனு போடறீங்க? அவனுக்கா? இருங்க மேடம். இருங்க... என்கிட்ட குடுங்க. நீங்க சொன்னா வெவரம் சரியா இருக்கும், ஆனா நான்தான சொல்லணும்.

அலோ... தௌசீப்பு, கலியமூர்த்திடா. கடையில இருக்கியா? பாய் பக்கத்துல இருக்காரா? இருக்கட்டும், அவரும் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடு. டேய், நீ நாலு கை சரியா எண்ணினடா. நம்ம குளத்துக் கொடி அரை மீட்டர் செவுரு பக்கமா தள்ளி இருக்குது. நான்தான் தள்ளிக் கட்டினேன்... ஆமாடா, நான்தான்... மூஞ்சில அடிச்சிதுன்னு... ஆமா, மூஞ்சிலதான்... இருக்கியாடா?... சரிடா... சரி, யாரும் தொடல, நீ வா.

வெச்சிட்டான் மேடம்.

இல்ல, திட்டல. கடைக்குள்ள ஏதோ பாத்திரம் உருள்ற சத்தம் மட்டும் கேட்டுச்சி. வரானாம். இப்பவே வரானாம். கயித்துல யாரும் கைய வெக்கக் கூடாதாம், டேப்ப சுருட்டக் கூடாதாம், அவனே வந்து அளந்து பாத்துட்டுதான் லெட்டரக் கிழிக்கறதா வேணாமான்னு சொல்லுவானாம்.

மேடம்... அந்த நாற்காலிய மட்டும் எடுத்து உள்ள போட்டுடட்டுமா? ...வேணாமா? சரி. கெடக்கட்டும், அவனும் பாக்கட்டும். நான் இப்பிடி வெயில்ல நின்னுக்கறேன்.