செத்தவருக்கு முகம் போட்டவன்

பஞ்சை நனைத்துச் சரியாகப் பிழியத் தெரிந்துவிட்டால் மேக்கப் வேலை பாதி வந்த மாதிரிதான், ஐயா. ஈரம் கூடினால் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும். குறைந்தால் வெடித்துவிடும். பதினொரு வருடம் ஒரே முகத்துக்கு அதைச் செய்தேன்.

தொலைக்காட்சியில் வாரம் ஒரு பேய்க்கதை போடுவார்களே, அதில் தொடக்கத்திலும் முடிவிலும் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பிணம், அவர்தான். படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பெயரே செத்தவர். "செத்தவர் சாப்பிட்டாச்சா?", "செத்தவருக்குச் சீனி இல்லாம ஒரு டீ" என்று சகஜமாகக் குரல் கேட்கும். அவரும் சிரிப்பார். முகம் போட மூன்று மணி நேரம், கலைக்க முக்கால் மணி. என் மனைவியின் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அவருக்கு நெஞ்சுவலி உண்டென்பது தளத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவருடைய மனைவி என்னைத் தனியாக அழைத்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்திருந்தார். "அவரா வாயைத் திறந்து சொல்ல மாட்டார், தம்பி. நீங்கதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்."

"நான் பார்த்துக்கறேன் அக்கா" என்றேன். பார்த்தும் வந்தேன். மாத்திரை காலாவதியானால் நானே புதிது வாங்கி வைப்பேன்.

அன்று காலை நான் பூசிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் வந்தார். அடுத்த மாதத்திலிருந்து ரப்பர் முகமூடி, பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்றார். "நல்லதாப் போச்சு, என் இடுப்பு தப்பிச்சுது" என்றார் செத்தவர். எனக்கு அதில் வருத்தமில்லை. நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாதே என்றுதான் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு முதல் டேக். முடிந்ததும் முகத்தை ஒற்றியெடுக்கப் போனேன். நெற்றியோரம் பூசியிருந்த மெழுகு பிரிந்திருந்தது. அடியில் வியர்வை, தொட்டால் சில்லென்று. விளக்குச் சூட்டில் வரும் வியர்வை அப்படி இருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"இடது கை மரத்துப் போகுதுப்பா" என்றார் மெல்ல. "அந்த மாத்திரையை எடு."

"இப்ப வாயை அகலத் திறந்தா உதட்டுப் பூச்சு பிளந்துடும், அண்ணே. இந்த ஷாட் முடியட்டும்."

அவர் தலையை ஆட்டினார். அந்த நாற்காலியில் நான் சொன்னதை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

இரண்டாவது டேக்கில் மூச்சு வாங்கியது. "என்னப்பா, அவருக்கு ஏதாவது பண்ணுதா?" என்று இயக்குநர் கேட்டார். "விளக்கு வெக்கை சார்" என்றேன். உதட்டின் உள்விளிம்பு நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் சாம்பல் நிறம் தடவினேன். அவர் கண் என்னையே பார்த்தது. பார்க்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? கண்ணோரத்தையும் சரிசெய்தேன். அப்போது நிறுத்தியிருந்தால் எல்லாவற்றையும் கலைத்து, மறுநாள் முதலிலிருந்து போட வேண்டும். நான் மிகவும் களைத்திருந்தேன், ஐயா.

மூன்றாவதாக எடுத்த ஷாட்டில் அவருக்கு வசனம் இல்லை. கேமரா மெல்ல முகத்தருகே போக, அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணைக்கூடச் சிமிட்டலையே மனுஷன்" என்று இயக்குநர் கைதட்டினார். லைட் பையன்களும் தட்டினார்கள். எழுந்திருக்கவில்லை என்று அவர்களுக்குப் புரிய ஐந்தாறு நிமிடம் ஆயிற்று.

மாரடைப்பு என்று எழுதினார்கள். அது உண்மைதான். முகத்தை நான்தான் கலைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அவருடைய மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்களே தம்பி, அது போதும்" என்று அழுதார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. யாரும் கேட்காமலே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தது அதனால்தான். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அஞ்சலி என்று போட்டு அந்தப் பகுதியை அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்தக் கடைசிப் பார்வைக்கு ஊரே நடுங்கியதாம். இத்தனை வருடத்தில் இப்படியொரு மேக்கப் வந்ததில்லை என்று எனக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன். என் உழைப்புக்குக் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.