செம்மல் என்றொரு வாசகன்

கைப்பட எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எழுத்து சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஹரிகிருஷ்ணன் சார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக உங்கள் ஸ்டேஷன் ஏட்டு சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அவர் காற்புள்ளி போடுவதில்லை. அதனால்தான் தாளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் கிளாட்வின். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் தெருவில் இன்னமும் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்வார்கள். அவர் இறந்த பிறகு அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அண்ணன் பிரான்சுவா பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டான். நான் இங்கேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அந்தப் பிரிவுக்குத்தான் சரிதா வந்து சேர்ந்தாள்.

சரிதாவின் அப்பா கொளஞ்சி, பாகூர்ப் பக்கம் விவசாயி. அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் அலுவலகம் போன முதல் ஆள் அவள். சாரம் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்போது எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. வேலை தேடும் இளைஞர்களுக்கு, நேர்முகத்தேர்வில் எப்படிப் பேசுவது, மேலாளரிடம் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் எழுதுவேன். அதிகம் பேர் படிக்கவில்லை. சரிதா படித்தாள். ஒருநாள் என் இருக்கைக்கு வந்து, "அண்ணா, எனக்கும் எழுதக் கத்துக்குடுங்கணா" என்றாள்.

கற்றுக்கொடுத்தேன். பத்தி சின்னதாக இருக்க வேண்டும், வாசகன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், தன்னைப் பற்றி அதிகம் பேசக் கூடாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் இஷ்டத்துக்கு எழுதினாள். 'நோட்டீஸ் பீரியட்' என்று வலைப்பூவுக்குப் பெயர் வைத்தாள். பேசுவதைப் போலவே எழுதினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து விசாரிப்பதைப் போல இருக்கும். ஒரு வருடத்திற்குள் கோயம்புத்தூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் அவளுக்கு மடல் எழுதினார்கள். வேலையை விடட்டுமா, அண்ணன் மாதிரி அரசுத் தேர்வு எழுதட்டுமா, மேலாளர் திட்டுகிறார் என்ன செய்ய. அத்தனைக்கும் பதில் எழுதினாள்.

எனக்கு அதில் பொறாமை இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

'பென்ஷன் நிழல்' என்று அவள் ஒரு கட்டுரை எழுதினாள். வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஓய்வூதியம் வருகிற ஒருவர், விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தும் ஒருமுறைகூடக் குதித்துப் பார்க்காதவர், மற்றவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். அவ்வளவுதான் கட்டுரை. பெயர் எதுவும் இல்லை. மறுநாள் சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்ததும் இரண்டு பேர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்கள். அதன் பிறகு இளையவர்கள் என்னை 'சொல்தா சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் சரிதா வந்தாள். "அண்ணா, அது உங்கள பத்தி இல்லணா. நாலஞ்சு பேர ஒண்ணா சேத்துதான் எழுதனேன். கோச்சிக்காதீங்க."

"நல்லா எழுதியிருக்க" என்றேன். உண்மையில் நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

ஆனால் யோசனை சொல்வது விளையாட்டில்லை என்று அவளுக்கு யாராவது உணர்த்தியாக வேண்டும் என்று தோன்றியது. முகம் தெரியாத பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டு வாழ்க்கையை மாற்றிக்கொள்கிறார்கள். அவளுக்கு மூத்தவன் என்கிற முறையில் அந்தப் பொறுப்பு எனக்கு இருந்தது. அந்த வாரம் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி திறந்தேன். செம்மல் என்று பெயர் கொடுத்தேன்.

செம்மல் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். அப்பா இல்லை. அம்மாவும், வைத்திக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட சுலோசனா என்கிற அக்காவும் உண்டு. புகைப்படம் எடுப்பதில் ஆசை. வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று சரிதாவிடம் கேட்டான். அவள் பதில் கவனமாகத்தான் இருந்தது. "ஆறு மாசத்துக்குத் தாங்கற மாதிரி கையில வச்சுக்குங்க. வீட்ல பேசுங்க. அப்புறம் பேப்பர் போடுங்க. பயந்துகிட்டு ஒரே நாற்காலியில உக்காந்திருக்கறதும் நஷ்டந்தான்" என்று எழுதியிருந்தாள். செம்மல் அதில் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டான். இளைஞர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

வேலையை விட்டான். முதலில் உற்சாகமாக எழுதினான். பிறகு கல்யாண வேலைகள் வரவில்லை என்றான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றான். பழைய இடத்தில் கேட்டுப் பார்த்ததற்கு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றான். அவசரப்படாமல் மாதக்கணக்கில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் சரிதா பதில் போட்டாள். தெரிந்த இடங்களில் அவனுக்கு வேலை கேட்டாள். போனில் பேசலாமா என்று கேட்டபோது, பேசினால் அழுதுவிடுவேன் என்று செம்மல் மறுத்துவிட்டான்.

அவள் அவனைப் பற்றி என்னிடமே பேசினாள். சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்து, "அண்ணா, செம்மல்னு ஒரு பையன். நான் சொல்லி வேலைய விட்டுட்டான்ணா. இப்ப எதுவும் கெடைக்கல. என்னா எழுதறதுன்னே தெரியல" என்றாள்.

"தைரியமா இருக்கச் சொல்லு. உன் பேச்சக் கேட்டுத்தான வந்தான், அது ஒண்ணாவது குடு."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

கடைசியில் செம்மல் இறந்துபோனான். அதை அவன் எழுத முடியாது என்பதால் அவன் அக்கா சுலோசனா அதே முகவரியிலிருந்து எழுதினார். சுருக்கமான மடல். யாரையும் குற்றம் சொல்லவில்லை. தம்பி உங்கள் பதில்களைத் தாளில் எடுத்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தான், அதைத் தெரிவிக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் சரிதா அலுவலகம் வந்தாள். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றெல்லாம் ஒரு சொல்கூட அடிக்கவில்லை. வலைப்பூ நின்றுபோயிற்று. பாடம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் செம்மலுக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இறந்தவனுக்கு. அந்த முகவரிக்கே. அக்காகூடப் படிக்கமாட்டார் என்று நினைத்திருப்பாள். ஒன்றை அப்படியே தருகிறேன். "செம்மல், எங்க ஏரி நெறஞ்சிடிச்சி. எங்கப்பா கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. நீ இருந்தா கூட்டியாந்து காட்டியிருப்பேன். வேல கெடக்குது, வந்து தண்ணிய பாருன்னு மொத மெயில்லயே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல."

இதைப் பலமுறை படித்தேன். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பத்தி எழுதியதில்லை. பாடம் அவளைத் தொடவே இல்லை. துக்கத்திலும் என்னைவிட நன்றாகத்தான் எழுதினாள்.

அந்த நாட்களில்தான் செம்மல் என் வீட்டுக்கு வந்தான். நம்புங்கள் என்று கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதை எந்த மடலிலும் நான் எழுதியதில்லை. ஆனால் படிக்கட்டில் அந்தக் கால் இழுபடுவது கேட்கும். வண்டியில் போகும்போது பின்னிருக்கை கனக்கும். கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்க, குடும்பத்தில் இறந்தவர்கள் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். பூசையில் சாமியார் என் அப்பா பெயரை வாசித்தார். அடுத்ததாக "செம்மல்" என்றார். பக்கத்திலிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருடா அது?"

"கூட வேல பாத்தவன்" என்றேன். அம்மா அவனுக்காகவும் சிலுவை போட்டுக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் சரிதா என்னிடம் ஒன்று சொன்னாள். செம்மலைப் பற்றி வலைப்பூவில் எழுதப்போகிறாள். தான் செய்த தவறு என்று தன் பெயரிலேயே எழுதப்போகிறாள். இனி யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று எழுதி மூடிவிடப்போகிறாள். அதற்கு முன்னால் அவன் அம்மாவைப் பார்த்துக் காலில் விழ வேண்டும். "அக்காவுக்கு எழுதியிருக்கேன்ணா. அவங்க சரின்னா போறேன். இல்லன்னா வைத்திக்குப்பத்துல வீடு வீடா கேட்டாவது கண்டுபிடிச்சிடுவேன்."

வீடு வீடாகக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியும். அதைவிட இன்னொன்று என்னை உறுத்தியது. அந்தக் கட்டுரை வெளிவந்தால் அத்தனை பேரும் அவளுக்காக அழுவார்கள். செம்மல் அவளுடையவனாகிவிடுவான்.

அக்கா சரி என்று எழுதினார். மீன் எடுக்கத் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு வருவேன், முகத்துவாரத்தில் கல் கொட்டியிருக்கிற இடத்துக்குக் காலையில் வாருங்கள், வீட்டில் வைத்துப் பேச முடியாது. அன்றைக்குப் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகள் கட்டிக் கிடந்தன. ஏலம் இல்லை, ஆளும் இல்லை. கடலோரத்தில் பிறந்திருந்தால் அப்படிப்பட்ட நாளில் அங்கே யாரும் மீன் எடுக்க வரமாட்டார்கள் என்று தெரிந்திருக்கும். அவள் ஏரியோரத்தில் பிறந்தவள்.

மூடிக் கிடந்த ஐஸ் கொட்டகை ஒன்றின் ஓரத்தில் நின்றேன். அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஆப்பிளும் ஹார்லிக்சும் இருந்த பை. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கற்கள்மேல் ஏறினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். என் கைப்பேசிக்கு மடல் வந்தது. "வந்துட்டேன்கா. கல்லு மேல நிக்கறேன். அலை ரொம்பப் பெரிசா இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

அதற்குப் போன பதிலை நீங்கள் அவள் மடிக்கணினியில் படித்திருக்கிறீர்கள். "நீங்க கண்ணுக்குத் தெரியலயேம்மா, இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க."

அவள் முன்னால் போனாள். பையைத் தூக்கிக் காட்டினாள், அக்காவுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். என் குரல் எட்டுகிற தூரம்தான். ஆனால் கூப்பிட்டால் நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். பிறகு பார்த்தபோது கற்கள்மேல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அவள் உடலை வீட்டுக்கு எடுத்து வந்த அன்று கொளஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு எப்பவும் ஒங்களத்தான் சொல்லும் சார். எழுதக் கத்துக்குடுத்தவருன்னு." ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். ஒரு கால் இழுபடுகிறது, இன்னொன்று வெறுங்கால், ஈரமாக. மேல்படியில் நின்றுவிடுகிறார்கள். கதவைத் தட்டுவதில்லை. அவர்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரிவதில்லை.

நேற்று அவளோடு வேலை பார்த்தவன் என்று என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள். வாசல் பெஞ்சில் வைத்திக்குப்பத்து மீன்காரம்மா ஒருவரை உட்கார வைத்திருந்தீர்கள். அவர் பெயரும் சுலோசனா. அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "தம்பி, மெயிலு மெயிலுன்னு கேக்கறாங்க. நான் இன்னாத்த அனுப்பனேன்? மீன் அங்கயே கெட்டுப்போவுது, கொஞ்சம் சொல்லுப்பா" என்றார். உள்ளே நீங்கள் ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "நாலு வரி மெயில்தான. யாராவது பையன வச்சு எழுதியிருப்பா. இத எழுத என்னா பெரிய தெறம வேணும்?"

அந்த அம்மாவை அனுப்பிவிடுங்கள். கணினிப் பிரிவிலிருந்து தகவல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். செம்மலின் மடல்கள் எல்லாம் நான் எழுதியவை. சுலோசனாவின் மடல்களும் நான் எழுதியவை. சரிதாவை அந்தக் கல்லின் முனைக்கு வரவழைத்தது நான். ஒரு நிரபராதி என்னால் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக மட்டுமே இதை எழுதித் தருகிறேன்.

இன்னொன்றையும் பதிவு செய்துகொள்ளுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று நினைக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கடைசி மடலில் முதலில் 'வா' என்றுதான் அடித்தேன். அவள் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். செம்மலின் அக்கா முன்பின் தெரியாத பெண்ணை அப்படிக் கூப்பிடமாட்டார் என்று தோன்றியது. அழித்துவிட்டு 'வாங்க' என்று திருத்தி, ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகுதான் அனுப்பினேன்.