யார் உடம்பில் படித்தோம்?

அவையை அன்போடு ஆளும் தலைவர் வாசுதேவன் ஐயா அவர்களே, வேலை தேடி மராத்தி மண்ணுக்கு வந்து வானவடியில் வேர் பிடித்த பெரியோர்களே, ஆலைச் சங்கோடு எழுந்து அடுப்பு மூட்டி எங்களை ஆளாக்கிய தாய்மார்களே, மகர்பட்டா ஐ.டி. மாடிகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் இளையோரே, உங்கள் அனைவரையும் டாக்டர் ரோஹிணியாகிய நான் வணங்குகிறேன்.

"மூன்றாண்டுப் பயிற்சி முடித்து, முழுமையாகத் தயாரான குடும்ப மருத்துவர்" என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். ஐயா, நீங்கள் போர்த்திய பொன்னாடையை ஏற்கிறேன். 'முழுமையாகத் தயாரான' என்ற சொல்லை ஏற்க மறுக்கிறேன்!

இப்போதே கைதட்ட வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள்.

பயிற்சியைப் பழிக்க நான் வரவில்லை. நின்றுபோன நெஞ்சை மீண்டும் துடிக்க வைக்க அங்கேதான் கற்றேன். பாம்புக் கடிக்குப் பதறாமல் மருந்தேற்ற அங்கேதான் கற்றேன். ஆனால் அங்கே என் பக்கத்தில் செவிலியர் இருந்தார், பின்னால் பேராசிரியர் இருந்தார், கூப்பிடு தூரத்தில் பரிசோதனைக்கூடம் இருந்தது. ஒரு மேசை, எதிரே ஒரு மனிதர், சந்தேகம் கேட்க யாருமில்லை. அப்படி ஒரே ஒரு நாள் என்னைப் பழக்கினார்களா? இல்லை.

சென்ற ஆண்டு இதே வானவடியில் கிளினிக் திறந்தேன். மூன்றாவது வாரம் இருதயராஜ் வந்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தோர் ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்றார். அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில், அளவைச் சற்றுக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே அவர் மருமகள் ஜெனிபர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிப் பழைய மாத்திரையையும் வாங்கி வந்துவிட்டார். பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்றேதான். இருதயராஜ் இரண்டையும் விழுங்கினார். எட்டாம் நாள் காய்கறிக் கடை வாசலில் தலை சுற்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. நூலிழை பிசகாமல் இரும்பை இழைத்த கை அது, தாய்மார்களே!

அவர் வீட்டுக்குப் போனேன். ஜெனிபர் இரண்டு மாத்திரை அட்டைகளையும் என் முன் வைத்தார். "ஒரே மருந்துக்கு ரெண்டு பேரு இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. வார்டில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் செவிலியர். வீடு திரும்பிய மனிதர் எதை விழுங்குகிறார் என்று மூன்றாண்டில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. தவறு என்னுடையது. அதை எவர் தலையிலும் ஏற்ற மாட்டேன். ஆனால் என்னை அப்படி அனுப்பியவர்களைக் கேட்காமலும் விடமாட்டேன்!

கேட்டேன். எனக்குப் பட்டம் கொடுத்த பயிற்சிக் குழுவின் முன் நின்றேன். ஆறு மாதமாவது சிறிய கிளினிக்கில், அனுபவசாலி ஒருவரின் பார்வையில், எங்களுக்குப் பின் வருகிறவர்களை உட்கார வையுங்கள் என்றேன். மூத்தவர் ஒருவர் சிரித்தார். நாங்களெல்லாம் இப்படித்தான் வந்தோம், போகப் போகத் தானாக வந்துவிடும் என்றார்.

"வந்துடும் சார். யார் உடம்புல வரும்?" என்றேன்.

கோரிக்கையை மறுத்தார்கள். இதை மேடையில் பேசாதே என்று அறிவுரையும் தந்தார்கள். இதோ, பேசிக்கொண்டிருக்கிறேன்!

பயமில்லையா என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. இருக்கிறது அண்ணா. ஆனால் இன்னொரு மணிக்கட்டு முறியுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

மறுத்துவிட்டால் முடங்கிவிடுவோமா? பயிற்சி மருத்துவர்கள் ஷ்ரேயஸும் ப்ரீதியும் தங்கள் ஒரே ஓய்வு நாளில் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். அந்த நேரம் பயிற்சிக் கணக்கில் சேராது என்று குழு எழுதியே கொடுத்துவிட்டது. சேராவிட்டால் போகட்டும் என்று வருகிறார்கள். எனக்கே ஓராண்டு அனுபவம்தான். அதனால் முப்பதாண்டு கிளினிக் நடத்திய டாக்டர் முகமது ரஃபீக்கை அழைத்தேன். எங்கள் மூவருக்கும் பின்னால் அவர் நாற்காலி போட்டு அமர்கிறார்.

படிக்கிற மருத்துவர் உங்களைப் பார்க்கலாமா என்று நோயாளிகளிடம் கேட்டோம். பலர் தயங்கினார்கள். முதலில் சம்மதித்தவர் யார் தெரியுமா? முழுதாக மடங்காத கையோடு வந்த இருதயராஜ். ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஃபேக்டரில அப்ரென்டிஸ தனியா மெஷின் முன்னால நிறுத்த மாட்டோம் டாக்டர். பக்கத்துல ஒரு ஆள் நிப்போம். வெறும் இரும்புக்கே அவ்ளோ பாத்தோம்" என்றார்.

இரும்புக்கு உள்ள பாதுகாப்பு இதயத்துக்கு வேண்டாமா? எந்திரத்துக்கு உள்ள மரியாதை எங்கள் தாய்க்கும் தந்தைக்கும் வேண்டாமா? அடுத்த மாதம் குழு மீண்டும் கூடுகிறது. வாசலில் மனு இருக்கிறது. கையெழுத்திடுங்கள். தமிழில் போடுங்கள், மராத்தியில் போடுங்கள், கைநாட்டு வையுங்கள்! மறுத்தால் மறுபடி போவேன். கதவை மூடினால் தட்டுவேன். பட்டம் கொடுத்தவர்களிடம் பணிந்து கேட்கவில்லை, பாதிக்கப்பட்டவர்களோடு நின்று கேட்கிறேன்: எங்களைத் தயார் செய்து அனுப்புங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், புகழுரை கேட்க அழைத்துப் புகாரைக் கேட்டுக்கொண்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நலமோடு வாழுங்கள், வணக்கம்.