மூடி இல்லாத ஜாடி

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மங்கலம்பேட்டை வண்டி கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு புது பீங்கான் ஊறுகாய் ஜாடி.

"மூடி வாங்கலியாக்கா?" என்றாள் இளையவள்.

"எதுக்கு? துபாயிலேர்ந்து அவரு டேப்லெட்டு அனுப்பியிருக்காருல்ல. அத மேல வச்சா எறும்பு அண்டாது."

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"அது நெட்டு பாக்குறதாச்சேக்கா?"

"பாக்கலாம். வூட்டுலதான் நெட்டு இல்ல. ஒங்க வூட்டுக்காரரு அனுப்புனது எப்படி இருக்குது?"

"ஒங்களுத விட பெருசு. சார்ஜருதான் நம்ம பிளக்குல நுழைய மாட்டேங்குது. மூணு முள்ளும் பட்ட பட்டையா இருக்குது."

"அப்ப என்னுதுதான் ஒசத்தி. சார்ஜு ஏறுது, மணி காட்டுது."

"படம் தெளிவா இருக்குதா?"

"கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த ஒட்டகம் ஒண்ணு நிக்குது. ரொம்பத் தெளிவு."

இத்தனை நேர்மையான ஒப்பீட்டை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

வண்டி நகர்ந்தது. இளையவள் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இந்த வருசம் லீவு இல்லையாம்க்கா. இதுலயே மொகம் பாத்துப் பேசிக்கலாம்னு சொல்றாரு."

"எங்க வூட்டுலயும் அதேதான். லீவு இல்லன்னா ஒண்ணு அனுப்பிடுவாரு."

"இதுவரைக்கும் எத்தினி வந்துது?"

மூத்தவர் ஜாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது மூணாவது ஜாடி."