தலைவர் கடிக்கும் முதல் பர்கர்

— உட்காரேன் கார்லண்ட். நின்னுக்கிட்டே எத்தனை தடவைதான் அதைத் திருப்பித் திருப்பிப் பாப்ப?

— உள்ள சிவப்பா இருக்கு டார்லீன். ரத்தம் மாதிரி.

— பீட்ரூட்.

— பட்டாணியில செஞ்சதுன்னா பட்டாணியாவே இருக்கட்டுமே. எதுக்கு இந்தக் கறி வேஷம்?

— உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான். கடி.

— ஜன்னலைச் சாத்தினியா?

— சாத்தியாச்சு. வெளிய நம்ம மாடுங்கதான் நிக்குது. அதுங்க பாத்தா சந்தோஷம்தான் படும்.

— சிரிக்காத.

— நான் எங்க சிரிக்கிறேன்? போன மாசம் நீ நாக்கு வீங்கி, வாய மூட முடியாம ஆஸ்பத்திரில கெடந்தப்பவே அழுது தீத்துட்டேன். ஒரு உண்ணி. மிளகு அளவு. அது கடிச்சதுலேருந்து மாட்டுக்கறி உனக்கு விஷம். அடுத்த தடவை ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்க மாட்டன்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. நாளைக்குச் சங்கத்து விருந்து, அது உன் காதுல விழுந்துச்சா? இந்த வருஷம் தலைவர் நான், எழுந்து நின்னு முதல் பர்கரைக் கடிச்சாத்தான் மத்தவங்க கை வைப்பாங்க. மிசூரில பாதி மாட்டுப் பண்ணைக்காரன் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பான்.

— அதனாலதான் இது. ரொட்டிக்குள்ள வெச்சு நான் தர்றேன், நீ கடிக்கிற. யாருக்குத் தெரியப் போகுது?

— தெரிஞ்சா? மாடு வளக்குறவன் பட்டாணி தின்னான்னு நான் செத்தப்புறமும் சொல்லிச் சிரிப்பானுங்க. ஹாலிஸைப் பாரு. போன வருஷம் தலைவரா நின்னு, முழுசையும் தின்னுட்டு விரலை நக்கினான். எப்படிக் கை தட்டினானுங்க! அவன்ல ஆம்பளை.

— ஹாலிஸுக்கு நாக்கு வீங்கல. நீ கடி.

— இந்தா. போதுமா?

— மென்னு முழுங்கு. எப்படி?

— வெங்காயம் நல்லாயிருக்கு.

— கார்லண்ட்!

— மோசமில்லடி. ஓரமெல்லாம் மொறுமொறுன்னு இருக்கு. நடுவுலதான் பஞ்சு மாதிரி... கடுகு சாஸ் கூடப் போட்டா ஒப்பேத்திடலாம். நாய் ஏன் குலைக்குது?

— வண்டிச் சத்தம். அட, ஹாலிஸ்தான் வர்றாரு.

— ஐயோ, பொட்டலத்தை ஒளி!

— ஒளிச்சாச்சு. இரு, நல்லதாப் போச்சு. அவருக்கே ஒண்ணு குடு. அவருக்குத் தெரியலைன்னா நாளைக்கு எவனுக்கும் தெரியாது.

— நீ பொம்பளை இல்ல, பேய். வா ஹாலிஸ், வா வா, கதவு தொறந்துதான் இருக்கு!

— என்னப்பா, இந்த வெக்கையில ஜன்னலைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும்?

— ஈ தொல்லை. உக்காரு ஹாலிஸ். பர்கர் சூடா இருக்கு, ஒண்ணு எடு.

— வேணாம்ப்பா. நாளைக்கு மேசை ஏத்த உன் டிரெய்லர் வேணும். கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.

— எடுத்துக்கோ. ஒரு வாய் தின்னுட்டுப் போ.

— இப்பத்தான் சாப்பிட்டேன்.

— பகல் பதினொரு மணிக்கா?

— பல்லு வேற வலிக்குது. வயிறும் சரியில்ல.

— பல்லா, வயிறா? நம்ம பண்ணைக் கறிடா. நீயே வேணாம்னா நான் என்னன்னு நெனைக்கிறது?

— தப்பா நெனைக்காத. கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்...

— டார்லீன், போச்சு. மோந்தே கண்டுபிடிச்சுட்டான்.

— மெதுவாப் பேசு, காதுல விழப் போகுது.

— என்ன அங்க குசுகுசுன்னு? ஒரு நிமிஷம். இது என்ன வாசனை? தேங்காயெண்ணெய் மாதிரி...

— அது... அது டார்லீன் கைக்குப் பூசுற க்ரீம், ஹாலிஸ்.

— சட்டியிலேருந்து வருதுடா. தட்டை இப்படிக் குடு.

— ஏன் அதைப் பிக்கிற? ஹாலிஸ், கேளு, நானே சொல்லிடறேன்...

— அட, முழுசையும் வாயில போட்டுட்டீங்களே! மெல்ல ஹாலிஸ், விக்கிக்கப் போகுது!

— ஸ்ப்ரிங்ஃபீல்டு பெரிய கடையில, கடைசி வரிசையில வாங்கின பட்டாணிக் கறிதானே? நானும் அங்கதான் வாங்குறேன், ரெண்டு வருஷமா. போன விருந்துல எழுந்து நின்னு தின்னதும் இதேதான். உண்ணி உனக்கு எங்கடா கடிச்சுது கார்லண்ட்? எனக்கு முழங்காலுக்குப் பின்னால.