கொம்பு முளைத்த நட்சத்திரம்

1942-இல் அயனம்பாக்கத்தில் பாதி ஊரை விரட்டியது ஜப்பான்காரன் குண்டு அல்ல. வீட்டிலேயே தொலைநோக்கி செய்துகொண்ட ஒரு மீசைக்காரன்தான். அம்பத்தூர் ஸ்டேஷனில், ஊரைவிட்டு ஓடும் கூட்டத்தின் நடுவே, அவனை மைத்துனன் பிடித்துக்கொண்டான்.

“நட்சத்திரத்துக்கு மூணு கொம்பு மொளைச்சிகீது, ஊரு எரியப்போவுதுன்னு சொன்னியே மாமே! உன் துர்பின்ல கீற ரசம் பூசின கண்ணாடி எவ்ளோ மெல்லிசு? அத்தப் போயி மூணு ஸ்க்ரூ போட்டு இறுக்கிகீறே. இறுக்கின மூணு எடத்துலயும் வளைஞ்சிபோச்சி, அதான் மூணு கொம்பு. நான் தளர்த்தி, கம்பளித்துண்டு மேல ஒக்கார வெச்சிப் பார்த்தேன். ஒரு கொம்பும் இல்ல.”

“மெல்லப் பேசு மச்சான். காதுல உழுந்தா கொன்னுடுவாங்க.”

பக்கத்தில் ஒருத்தி, அந்த நட்சத்திரத்தின் பார்வை படாதபடி பச்சைக்குழந்தையை முந்தானையால் மூடியிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் குழந்தையை அணைத்தபடி எழுந்தாள்.

“பச்சை ஒடம்புக்காரி, எங்க போவா? இவங்க எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சொல்லு. கொம்பு நட்சத்திரத்துலயா, உன் கண்ணாடியிலயா?”