யார்டில் கத்திய பெயர்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், என் முன்னிருக்கைக்காரர் கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்திருந்தார். ரயில் யார்டில் பெட்டிகளை இணைக்கும்போது நசுங்கி, மூன்று விரல்கள் போய்விட்டனவாம். பக்கத்தில் அவர் மனைவி.

"லேசான வேலை தர்றோம்னு சொல்றாங்கல்ல. மறுபடி போனா என்னங்க?"

"வெக்கமா இருக்குது."

"கைய நெனச்சா?"

"இல்ல. அன்னைக்கு நான் போட்ட சத்தம் யார்டுக்கே கேட்டுச்சு. இன்னும் அதச் சொல்லிச் சிரிக்கறானுங்க."

"வலியில ஆரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. அப்படி என்னன்னு கத்துனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உம்பேரத்தான்."

ராசிபுரம் தாண்டியதும் அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். மெல்லக் கேட்டார்.

"ஊட்ல ஒரு நாளாச்சும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பீங்களா?"